யானையின் வயிற்றில் மூன்று ஏக்கர்

தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி, கமரா, வயிற்றோட்டக் குளிசை என்று கொண்டுபோவார்கள். நான் மனைவியின் காணியைக் கொண்டுபோனேன். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல். வாய்க்கால் தண்ணீர் வசதி உண்டு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு, காணிப் பெர்மிட் எல்லாம் அதற்குள். சண்டைக்குள் ஓட வேண்டி வந்த காலத்தில் சோற்றுப் பானையை விட்டு ஓடியிருக்கிறோம், பையை விட்டதில்லை. இப்போது ஓட வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. அது பைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒட்டுசுட்டானுக்குச் சீமெந்து வாங்கப் போனாலும் பை என்னோடு வரும்.

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருசம் என்று, சுவிசில் இருக்கிற மச்சான், அதாவது என் மனைவி வசந்தியின் தமையன், எங்கள் இரண்டு பேரையும் ஒரு குழுவோடு தாய்லாந்து பார்க்க அனுப்பினார். வெளிக்கிடுகிற அன்று காலை வசந்தி சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, அந்தப் பையைப் பவானியிட்டக் குடுத்திட்டு வாங்கோ. திரும்பி வந்த கையோட செவ்வாய்க்கிழமை காணி விசாரணை. ஒரிஜினல் காட்டினாத்தான் அளிப்புத் தருவினம். பெர்மிட்டுக்கு ஏதும் நடந்துதோ, நான் மனுசியாய் இருக்க மாட்டன்.”

பெர்மிட் என்பது இருந்து கமம் செய் என்கிற அனுமதி. அளிப்பு என்பது இது உன்னுடையதுதான் என்கிற எழுத்து. வசந்தியின் தகப்பன் உரும்பிராயிலிருந்து வந்து, காடு வெட்டி, பெர்மிட் எடுத்து, பிறகு அதை மகளின் பேருக்கு மாற்றிச் சீதனமாகக் கொடுத்த காணி அது. நான் அங்கே வேலை செய்கிறவன் மட்டும். அந்த எழுத்துக்காக அவள் பதினொரு வருசம் காணிக் கந்தோர் வாசலில் நின்றிருக்கிறாள்.

அதனால் பையைக் கவனமாகப் பவானியிடம் கொடுத்தேன். பவானி அவளின் தங்கை. பைக்குள் நான் வைத்தது பழைய கரண்ட் பில்லுகளும் இரண்டு கலண்டரும். உள்ளேயிருந்த சாமான்கள் இன்னொரு பையில், என் சேட்டுக்குள், இடுப்பைச் சுற்றி இருந்தன. பவானியின் வீட்டில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது? வெள்ளம் வந்தால்? பவானியே ஓடினால்? மனிதன் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும்.

“இடுப்பில என்ன வீக்கம்?” என்று விமான நிலையத்தில் வசந்தி கேட்டாள்.

“முதுகு நோவுக்குப் பெல்ட்,” என்றேன்.

பாவம், நம்பிவிட்டாள்.

பேங்கொக்கில் எங்களைப் பொறுப்பெடுத்தவள் நொய் என்ற பெண்பிள்ளை. ஒரு ரோசாப்பூ நிறக் குடையை உயர்த்திக்கொண்டு முன்னால் நடப்பாள். நாங்கள் பதினான்கு பேர் தாராக்குஞ்சு மாதிரிப் பின்னால் போவோம். குழுவில் எங்கள் பக்கத்து ஆள் இன்னொருவரும் இருந்தார். செட்டிகுளப் பக்கம் விதானையாராக, அதாவது கிராம அலுவலராக, இருந்து இளைப்பாறியவர். முப்பது வருசமாக மற்றவர்களின் பத்திரங்களில் பிழை பிடித்தவர், இப்போது தாய்லாந்தில் பிழை பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வள்ளத்தில் கால்வாய் வழியாகப் போனோம். கரையில் வீடுகள், வீடுகளுக்குக் கீழே தண்ணீர், தண்ணீருக்குள் எங்கள் ஊர்க் கபரக்கொய்யான் என்கிற தண்ணீர் உடும்பு மாதிரியே ஒன்று, நொய்யின் குடையைவிட நீளம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தூணுக்கு மேல் ஒரு குட்டி வீடு இருந்தது. காணிக்குச் சொந்தமான ஆவி அதில் குடியிருக்கிறதாம். அதற்குப் படையல் சிவப்புச் சோடா, உறிஞ்சுகுழாய் போட்டு. எங்கள் வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம், தாகத்துக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

“காணி ஆவியின்ர பேரில இருக்கோ, ஆளின்ர பேரில இருக்கோ?” என்று விதானையார் கேட்டார். நொய்க்கு விளங்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

“நான் பாஸ்போட்டைத் தவிர எல்லாத்தையும் கொப்பி எடுத்துக்கொண்டு வந்தனான், தம்பி. வெளிநாட்டுக்கு ஒரிஜினல் காவிற விசரன் உலகத்தில இருக்க மாட்டான்.”

“ஓம் ஐயா,” என்றேன். வள்ளம் ஆடியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“முதுகு குத்துதோ?” என்றாள் வசந்தி.

காலையில் எழும்பினால் அவள் என் முதுகுக்கு எண்ணெய் பூசிவிடுவாள். ஊரிலிருந்தே போத்தலில் கொண்டுவந்த எண்ணெய். இருபத்தைந்து வருசத்தில் இவ்வளவு அன்பு நான் கண்டதில்லை. அந்த நேரத்தில் பை ஹோட்டல் அறைக் குளிர்சாதனப் பெட்டிக்குள், ஆரஞ்சுச் சாறுக்குப் பின்னால் இருக்கும். எங்கள் வயல் அந்தக் குளிரைத் தாங்கியதே பெரிய விசயம்.

இரண்டாம் நாள் ஒரு விரத நாள். வசந்தி மரக்கறி. இந்த நாட்டில் மரக்கறிக்கு மீன் சோஸ் விடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பப்பாசிக்காயை உரலில் போட்டு இடித்து ஒரு சம்பல் செய்வார்கள். ஒரு மனுசி எங்களுக்கு முன்னாலேயே இடித்தாள். நொய் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு எங்களுக்கு விளக்கினாள்: “இறைச்சி இல்லை, இறால் இல்லை. மீன் தண்ணீர் மட்டும்தான்.” வசந்தி அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க மாம்பழமும் தேங்காய்ப்பால் விட்ட சோறும் சாப்பிட்டாள். நான் அவளுடைய சம்பலையும் சேர்த்துச் சாப்பிட்டேன். கண்ணால் தண்ணீர் ஓடியது, நிறுத்த மனம் வரவில்லை.

பின்னேரம் ஒரு நாற்சந்தியில் பிரம்மா. எங்கள் பக்கத்தில் பிரம்மாவுக்குக் கோயில் கட்டுவதில்லை. இங்கே அவர் கடைகளுக்கு நடுவில், பஸ் இரைகிற இடத்தில், பொன் பூசி நாலு முகத்தோடு இருக்கிறார், நாலு பக்கமும் சனம். வசந்தி நாலு முகத்துக்கும் தனித்தனியாக நின்று கும்பிட்டாள்.

“என்ன கேட்டனீர்?”

“செவ்வாய்க்கிழமை பெர்மிட் அலுவல் நல்லபடியாய் முடியவேணும் எண்டு. வேற என்ன கேக்கிறது. நீங்கள்?”

“நானும் அதைத்தான்,” என்றேன். பொய் இல்லை. ஆனால் பிரம்மாவின் ஒரு முகம் என் இடுப்பைப் பார்த்தது மாதிரி இருந்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது நொய் குடையை உயர்த்திவிட்டாள்.

அடுத்த நாள் வடக்கே மலைப் பக்கம், சியாங்மாய். மலையும் குளிரும் வயலுமாக நல்ல வடிவான இடம். எங்கள் ஊரை யாரோ மடித்து வைத்தது போல. அங்கே பின்பக்கம் இரண்டு நீட்டு வாங்கு போட்ட சிவப்பு வண்டியில் ஏற்றுவார்கள். வளைவில் விழாமல் இருக்க நான் கூரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி நின்றது. சாரதி திரும்பிப் பார்த்தார், பிறகு வெளிக்கிட்டார். அடுத்த வளைவிலும் நின்றது. ஐந்தாவது தரம் இறங்கி வந்து, நான் பிடித்திருந்தது இறங்குகிறவர்கள் அமத்துகிற மணி என்று கையைப் பிடித்துக் காட்டினார். கோபம் இல்லை. இந்த நாட்டில் கோபத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் எனக்குக் காட்டவில்லை.

நாலாம் நாள் யானை.

எனக்கு யானையோடு இருபது வருசப் பழக்கம். அது வயலுக்கு வரும், நான் வெடி கொளுத்துவேன், அது கொஞ்சம் யோசிக்கும், பிறகு நெல்லைத் தின்னும், நான் ஓடுவேன். இந்த ஒழுங்கில் எங்களுக்குள் மனக்கசப்பு ஒன்றும் இல்லை. அதற்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு ஆற்றில் குளிப்பாட்டுவது என்ற யோசனை எங்கள் இரண்டு பேருக்குமே வந்ததில்லை. இங்கே அதற்குச் சனம் வரிசையில் நிற்கிறது.

முகாமில் எல்லோருக்கும் நீலச் சட்டை ஒன்றும் கழுத்தில் மாட்டத் துணிப்பை ஒன்றும் தந்தார்கள். துணிப்பைக்குள் வாழைப்பழம். சொந்தச் சாமான்களை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். அந்தப் பூட்டைப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆடு திறக்கும்.

மற்றப் பத்திரங்களைப் பெட்டிக்குள் வைத்தேன். பெர்மிட்டை மட்டும் வைக்க மனம் வரவில்லை. அது எட்டாக மடித்து, யூரியா பாக்கில் வெட்டித் தைத்த உறைக்குள் இருந்தது. அதை எடுத்துத் துணிப்பையின் அடியில், வாழைப்பழத்துக்குக் கீழே வைத்தேன். கழுத்தில் இருக்கிற சாமானை யார் களவெடுக்கப் போகிறான்?

மே காம் என்பது அந்த யானையின் பெயர். பெட்டை, நாற்பது வயது, கண்மடல் தொங்கியிருக்கும். பாகன் சோம்சக் மலைச்சாதி ஆள், என் வயதிருக்கும். வசந்தி பயமில்லாமல் போய் அதன் கன்னத்தைத் தடவினாள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று ஊக்கம் கொடுத்தேன்.

“வாங்கோவன், இது எங்கட யானை மாதிரி இல்லை.”

“எங்கட யானையும் பாக்கிறதுக்கு இப்பிடித்தான் இருக்கும்.”

“விதானையார் கூடக் குடுத்திட்டார். வெக்கக்கேடு.”

போனேன். ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். தும்பிக்கை அந்தப் பழத்தை வாங்கவில்லை. அதற்குச் சில்லறை வியாபாரம் பிடிக்காது போல. நேரே துணிப்பைக்குள் இறங்கி, எல்லாவற்றையும் ஒரு பிடியில் அள்ளி, வாய்க்குள் வைத்தது. நான் கண் திறந்தபோது உறையின் நீல மூலை ஒன்று உதட்டில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

“பெர்மிட்,” என்றேன்.

“என்ன பெர்மிட்?” என்றாள் வசந்தி.

“எங்கட பெர்மிட். உம்மட.”

அவள் யானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். அது தட்டையாக இருந்தது.

“முதுகு நோ?”

“இல்லை.”

“பவானியிட்ட என்னத்தைக் குடுத்தனீங்கள்?”

“கரண்ட் பில்.”

சோம்சக் யானையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டார். வாழைப்பழத் தோல் ஒன்று வந்தது. நொய் ஓடிவந்து, பணமா என்று கேட்டாள். காணி என்றேன். எவ்வளவு என்றாள். மூன்று ஏக்கர் என்றேன். அவள் அதைச் சோம்சக்குக்குச் சொன்னாள். அவர் மே காமின் வாயை ஒருவித மரியாதையோடு மூடிவிட்டார்.

விதானையார் வந்தார். “ஒரிஜினலோ?”

“ஓம் ஐயா.”

அவர் ஒரு கல்லில் இருந்துவிட்டார். “அப்ப கஷ்டம்தான், தம்பி. பொலிஸ் முறைப்பாடு வேணும், துலைஞ்ச இடத்துப் பொலிஸில. சத்தியக் கடதாசி வேணும். கண்ட சாட்சி வேணும். செவ்வாய்க்கிழமை விட்டால் திருப்பி எப்ப கூப்பிடுவாங்களோ தெரியாது.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, “உம்மைப் பாத்தால் விசரன் மாதிரித் தெரியேல்லையே,” என்றார்.

வசந்தி தன் பையில் மிச்சமிருந்த பழங்களை ஒவ்வொன்றாக மே காமுக்குக் கொடுத்து முடித்தாள். பிறகு போய் வண்டியில் ஏறினாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கலியாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், இந்தச் சத்தமில்லாத விதம்தான் ஆபத்து.

சோம்சக் நொய் மூலம் சொன்னது இதுதான்: யானை தின்பதில் பாதிதான் சமிக்கும், மற்றது வெளியே வரும். ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம். அவருக்கும் கவலை, அந்த உறை யானையின் குடலுக்குக் கூடாது. எங்களுக்கு சியாங்மாயில் மிச்சமிருந்தது ஒரு நாள்.

அந்த நாளில் குழு நாட்டின் மிக உயர்ந்த மலைக்குப் போனது. மேகம் காலுக்குக் கீழே போகுமாம், படிக்கட்டு வயல்கள் இருக்குமாம். வசந்தி வெளிக்கிட்டு வந்து நின்றாள்.

“நீர் நிக்கேல்லையோ? காணி உம்மட.”

“காணி என்ர. யானைக்குக் குடுத்தது நீங்கள்.”

ஆகவே தாய்லாந்தின் உச்சி மலையைப் பற்றி இந்தக் கட்டுரையில் எதிர்பார்க்க வேண்டாம். நான் பார்த்தது மே காமின் பின்பக்கம், காலை ஏழரையிலிருந்து. அது ஒரு நிலக்காட்சிதான். முதலில் சோம்சக்கும் நானும் புளியை உப்போடு பிசைந்து தேங்காய் அளவில் உருண்டை பிடித்தோம். வயிறு இளக அதுதான் மருந்தாம். எங்கள் குசினியில் ரசத்துக்குக் கரைக்கிற அதே புளி. மே காம் எட்டு உருண்டை தின்றது. ஒன்பதாவதை நான் கொடுத்தேன், கண்ணைத் திறந்துகொண்டே.

பிறகு அது நடந்தது, நாங்கள் பின்னால் நடந்தோம். விழுகிற ஒவ்வொரு இலத்தியையும் தடியால் பிரித்துப் பார்த்தோம். பயந்த அளவுக்கு மணமில்லை, வைக்கோல் மாதிரித்தான். இடையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி எங்களைப் படம் எடுத்தது. இதற்குத் தனிக் கட்டணமா என்று அவர்கள் என்னிடம் விசாரித்தார்கள்.

சோம்சக்குக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தாய் தெரியாது. அவர் கைத்தொலைபேசியில் பேசினால் அது தமிழில் சொல்லும், வானொலிச் செய்தி வாசிக்கிற பெண் குரலில்.

“உங்கள் நிலத்தில் என்ன பயிர் செய்கிறீர்கள்?” என்றது தொலைபேசி.

“நெல்லு.”

“நாங்களும் நெல். என் தந்தையும் அவருடைய தந்தையும் அந்த மலைச்சரிவில் விதைத்தார்கள்.” தூரத்தில் ஒரு பச்சைச் சரிவைக் காட்டினார்.

“பெர்மிட் இருக்கோ?”

அவர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு நீளமாகப் பேசினார். தொலைபேசி உணர்ச்சியில்லாமல் வாசித்தது: “எங்களிடம் காகிதம் இல்லை. அது காடு என்று அதிகாரிகள் கூறுகிறார்கள். ஆண்டுதோறும் வந்து கேட்கிறார்கள். ஆண்டுதோறும் நாங்கள் இல்லை என்கிறோம். காகிதம் வைத்திருக்கும் ஒருவர் அதை யானைக்குக் கொடுப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.”

தடியை எடுத்துக்கொண்டு அடுத்ததைப் பிரித்தேன். அந்த மனுசன் தன் வேலையை விட்டுவிட்டு ஏன் காலையிலிருந்து இதைக் கிண்டுகிறார் என்று அதன் பிறகு நான் யோசிக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு மே காம் ஆற்றங்கரையில் நின்று, வாலை உயர்த்தி, எங்கள் காணியைத் திருப்பித் தந்தது. சோம்சக் முதலில் கண்டார். உறை கிழிந்து நூலாகியிருந்தது. அவர் அதை முழுதாக எடுத்து எண்ணி, யானைக்குள் மிச்சமில்லை என்று திருப்திப்பட்ட பிறகுதான் பெர்மிட்டை ஆற்றில் அலசி என் கையில் வைத்தார். விரித்துப் பார்த்தேன். எட்டாக மடித்ததைக் கடித்தபடியால் ஓட்டைகள் ஒரே கணக்கில், ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன. கோயில் திருவிழாவுக்கு மடித்து வெட்டி ஒட்டுகிற கடதாசிச் சோடனை மாதிரி. வசந்தியின் பெயர் இருந்தது. முத்திரையில் பாதி இருந்தது. வடக்கு, தெற்கு, மேற்கு எல்லைகள் இருந்தன. கிழக்கு எல்லை சமித்துவிட்டது.

சோம்சக்கைக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். மே காமையும் கும்பிட்டேன், ஆனால் தூரத்தில் நின்று.

மலையிலிருந்து திரும்பிய வசந்தி, ஹோட்டல் அறையில் முடி காயவைக்கிற மெசினை எடுத்து பெர்மிட்டை ஒரு மணித்தியாலம் காயவைத்தாள். பிறகு துவாய்க்குள் வைத்து இஸ்திரிக்கை போட்டாள். அதன் பிறகுதான் வாய் திறந்தாள்.

“மலையில நல்ல குளிர். நீங்கள் வந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டீங்கள்.” பிறகு, “சாப்பிட்டனீங்களோ?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப இருங்கோ,” என்றுவிட்டுத் தான் மட்டும் சாப்பிடப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கந்தோரில் காணி அலுவலுக்கு இருந்தவர் ஒரு இளம் பெண். மேசையில் கோப்புகள் கூரை முட்ட இருந்தன. விதானையார் விமான நிலையத்தில் பிரியும்போது ஒரே ஒரு புத்தி சொல்லியிருந்தார்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். நாங்கள் பெர்மிட்டை மேசையில் விரித்தோம். அந்தப் பெண் ஓட்டைகளைக் கண்டு, குனிந்து மணந்து பார்த்தார்.

“யானைதானே,” என்றார். “இந்தக் கிழமை மூண்டாவது. வீட்டை உடைச்சதோ?”

“இல்லை மிஸ்,” என்றேன்.

“கூட்டமோ, தனியனோ?”

“ஒண்டுதான். பெட்டை.”

“பெட்டை தனிய வராதே.” என்றாலும் எழுதினார். “எத்தனை மணி?”

“காலமை பத்தரை.”

“இப்ப பகலிலயும் வருதோ.” பெருமூச்சு விட்டுக்கொண்டு அதையும் எழுதினார். “வெடி குடுத்தனீங்களோ?”

“வாழைப்பழம் குடுத்தனாங்கள்.”

பேனை நின்றது. அவர் முதல் தரம் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வசந்தி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, பவானியிடம் கொடுத்த கரண்ட் பில்லில் தொடங்கி மே காமின் வால் வரைக்கும், ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தேத்தண்ணி கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார்.

முடிந்ததும் அந்தப் பெண் எழும்பிப் போய் ஒரு பெரிய பேரேட்டை எடுத்துவந்து விரித்தார். வசந்தியின் தகப்பனின் பெயர், பிறகு வசந்தியின் பெயர், கிழக்கு உட்பட நாலு எல்லையும், வடிவான கையெழுத்தில் இருந்தன.

“அம்மா, எல்லாம் இதில கிடக்கு. ஒரிஜினல் பழுதானால் இதை வைச்சுச் செய்யலாம். உங்கட அளிப்புக்கு ஒண்டும் நடக்காது.”

வசந்தி அந்த வரியில் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“ஆனா பழுதான காரணம் எண்டு ஒரு இடம் இருக்கு,” என்றார் அந்தப் பெண். “அதை நிரப்பத்தான் வேணும்.” முன்பு எழுதியிருந்த காட்டு யானை என்பதை ஒரு கோட்டால் வெட்டினார். பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதி, கையொப்பத்துக்காகத் தாளை வசந்தியின் பக்கம் திருப்பினார். வசந்தி வாசித்தாள், சரியென்று தலையாட்டி ஒப்பம் வைத்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். ‘விண்ணப்பதாரரின் கணவர்’ என்று இருந்தது.